தண்ணீருக்கும் வந்த நம் வீட்டு நோய்

கண்ணு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போன வாரம் நீ போனைப் படாரென்று வைத்த வேகத்திலேயே புனே தண்ணீர் உனக்கு நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கையில் ரிசீவரோடு நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, பூத்துக்காரர் "லைன் கட் ஆய்தா அம்மா?" என்றார். ஆமாம், லைன்தான் கட் ஆகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெற்றவள் திடுதிப்பென்று கூப்பிட்டு, "கல்யாணத்த நிறுத்திடு கண்ணு, காரணம் மட்டும் இப்பக் கேக்காத" என்றால், எந்தப் பிள்ளைதான் சரிம்மா என்று தலையாட்டுவான்? நீ தலையாட்டியிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். கவிதாவை அவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கிறவனுக்கு என் அண்ணன் மகளைக் கட்டிவைக்க நானே யோசித்திருப்பேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் அன்றைக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தையில் வைத்த முகூர்த்தம் வைத்தபடியே இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அது உன் ரத்தத்தைப் பற்றியது. எனக்கே இன்னும் தெரியாது. இதெல்லாம் பூத்தில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சு இல்லை. மீட்டர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பாதி மறந்துபோகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். நடுவில் கொஞ்சம் பாடமும் நடத்துவேன். ஆய்வகத்துக்கு வருகிற ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நடத்தியவள், சொந்தப் பிள்ளைக்கு நடத்தினால் குறைந்தா போய்விடும்?

நம் ஜனங்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொள்ளேகால் பக்கத்திலிருந்து பிழைக்க மைசூர் வந்து, அக்ரஹாரத்தில் வீடு, மண்டி மொஹல்லாவில் அப்பாவுக்குப் பெயின்ட் கடை என்று காலூன்றிய பிறகும், கல்யாணம் என்றால் மட்டும் பஸ் ஏறி ஊருக்குத்தான் போவோம். முறை இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும் என்பார்கள். உன் அப்பா என் அம்மாவின் கடைசித் தம்பி, என் சொந்தத் தாய்மாமன். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு வடக்கேயிருந்து வந்த ஒரு பெண் இதைக் கேட்டு வாயைப் பிளந்தாள். கூட இருந்த மைசூர்ப் பெண்களோ, இதில் என்ன அதிசயம் என்று கேட்டார்கள். அவர்கள் வீட்டிலும் அதே கதைதான். சொந்தத்தில் கட்டுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. உன் அப்பாவைப் போல ஒரு மனிதரை நான் வெளியில் எந்தக் கடையில் போய்த் தேடியிருப்பேன்? நீயும் கவிதாவும் ஒருவரை ஒருவர் விரும்புகிறீர்கள் என்று தெரிந்தபோது நான் முகம் சுளித்ததாக உன் மாமா வீட்டில் பேச்சு. நாத்தனார் பெரிய இடமாகப் பார்க்கிறாள் என்று அண்ணி ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். சுளித்தது உண்மை. காரணம் பெரிய இடம் இல்லை, உன் அக்கா பொன்னி.

உனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள், காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அது பொய் இல்லை, கடைசியில் வந்தது காய்ச்சல்தான். ஆனால் பொன்னிக்கு அரை வயசு ஆகும்போதே உடம்பில் ரத்தம் நிற்கவில்லை. முகம் வெளுத்துப்போகும், வயிறு உப்பும், பால் குடிக்கக்கூடத் தெம்பு இருக்காது. இதற்குத் தலசீமியா என்று பெயர். ரத்தத்தைச் சிவப்பாக்குகிற சரக்கை உடம்பு சரியாகச் செய்யாது. அதனால் வேறு யாருடைய ரத்தத்தையாவது மாதாமாதம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா கொடுத்தார், கடைத்தெருவில் அப்பாவின் சிநேகிதர்கள் கொடுத்தார்கள். ரத்தம் ஏறிய மறுநாள் பொன்னியைப் பார்க்க வேண்டும். கன்னம் இரண்டும் சிவந்து, வீட்டை இரண்டாக்குவாள். "இன்னிக்கு யாரோட ரத்தம்மா?" என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்வாள். பக்கத்துக் கடை சலீம் பாய் கொடுத்திருந்தால் அன்றைக்கு முழுக்க அவள்தான் சலீம் பாய். அவரைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏனப்பா, பில்லு எல்லி?" என்று பில் எங்கே என்று கேட்டு உன் அப்பாவை அதட்டுவாள். சலீம் பாய் அதைக் கேட்பதற்கென்றே வீட்டுக்கு வருவார். உன்னை மடியில் போட்டுக்கொண்டு, "இவனுக்கு என் ரத்தம் தரட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டாள். அப்போது உனக்குத் தலைகூட நிற்கவில்லை. நீ தவழ ஆரம்பித்தபோது அவள் இல்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லையே, பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று உன் அப்பா கோயில் கோயிலாகக் கேட்டுக்கொண்டு திரிந்தார். எனக்கு விடை கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. விடை இதுதான். உடம்பு எப்படிச் செய்யப்பட வேண்டும் என்ற செய்முறை ஒவ்வொருவரிடமும் இரண்டு படி இருக்கிறது; ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. ஒரு படியில் ஏதாவது ஓர் இடத்தில் தவறு இருந்தாலும் மற்றது சரியாக இருந்தால் வேலை நடந்துவிடும். அப்படி ஒரு தவறை வைத்துக்கொண்டு சௌக்கியமாக நடமாடுகிறவரைத்தான் கேரியர் என்கிறோம். நானும் அப்பாவும் கேரியர்கள். இரண்டு பேரும் ஒரே குடும்பம் என்பதால் ஒரே பழைய தவறு எங்கள் இரண்டு பேரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. எங்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு விதமாக அமையலாம். இரண்டு பக்கமும் நல்லது. என் பக்கம் மட்டும் தவறு. அப்பா பக்கம் மட்டும் தவறு. இரண்டு பக்கமும் தவறு. கடைசியாகச் சொன்னது பொன்னி. நீ அது இல்லை என்பது நீ மூன்று தட்டு பிசிபேளேபாத் சாப்பிடுகிறபோதே தெரிந்துவிட்டது. மீதி மூன்றில் இரண்டு கேரியர். ஆக உன்னிடம் அந்தத் தவறு இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். என் அண்ணனிடம் இருந்தால் கவிதாவிடமும் இருக்கலாம். இரண்டு பேரிடமும் இருந்துவிட்டால், எங்கள் கதை உங்கள் வீட்டில் மறுபடி தொடங்கக்கூடும். நான் முகம் சுளித்தது அதற்காகத்தான். இதை உன்னிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன், வரவில்லை.

பொன்னி போன பிறகு, பாதியில் விட்டிருந்த படிப்பை முடித்து நான் ஆய்வகத்தில் சேர்ந்ததை வீட்டில் எல்லோரும் ஏதோ மனசு மாறட்டும் என்று விட்டார்கள். மனசு மாறவில்லை, வேலை மட்டும் பிடித்துப்போயிற்று. நீ காலேஜில் படித்தபோது ஒரு நாள் டிபன் டப்பா கொடுக்க வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? மேஜை மேல் வரிசையாக மூன்று சுடுதண்ணீர்த் தொட்டி. ஒன்று கொதிக்கிற சூடு, ஒன்று இளஞ்சூடு, ஒன்று நடுத்தரம். நானும் என்னிடம் வேலை பழகிய நாகராஜும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சின்ன ட்யூப்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். "ஏம்மா, வீட்லயும் அடுப்பு, இங்கயும் அடுப்பா?" என்று சிரித்துவிட்டுப் போனாய். அந்த அடுப்பு வேலைக்குப் பெயர்தான் பி.சி.ஆர். டி.என்.ஏ. என்பது இரண்டு இழை சேர்ந்த நூல். நல்ல சூட்டில் இழைகள் பிரியும். சூடு தணிந்ததும், நமக்கு வேண்டிய இடத்தின் தொடக்கத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ள ஒரு சின்னத் துண்டு போட்டிருப்போம். ப்ரைமர் என்று பெயர். அது ஒட்டிய இடத்திலிருந்து ஒரு நொதி மீதி இழையைக் கட்டிக்கொண்டே போகும். வெந்நீர் ஊற்றில் வாழ்கிற கிருமியிலிருந்து எடுத்த நொதி, அதனால் கொதியில் சாகாது. ஒரு சுற்றுக்கு ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். சாயங்காலத்துக்குள் கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு கோடிக்கணக்கில் பெருகிவிடும். இப்போது எல்லாவற்றையும் ஒரு பெட்டியே செய்கிறது. நாங்கள் ட்யூபை உள்ளே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம்.

தீபாவளிக்கு வந்தபோது உன் கையில் ரத்தம் எடுத்தேன். "எடுத்துக்கோ, இதையும் சீர்லயே சேத்துக்கோ" என்று கிண்டல் செய்துவிட்டுப் புனேக்கு ரயிலேறிவிட்டாய். சொந்தத்தில் கட்டுகிற எல்லோருக்கும் பார்க்கிறதுதான் என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருந்தேன். கவிதாவை அப்படி ஏமாற்ற முடியவில்லை. பி.எட். ஹாஸ்டலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்தவள், "எதுக்குங்க அத்தை ரத்தம்?" என்று கேட்டாள். ஒரு கேள்விதான். நான் பொன்னியின் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். கேட்டு முடித்ததும், "ஆய்வகத்துக்கே வந்து குடுக்கறனுங்க. எப்படிப் பாக்கறாங்கன்னு நானும் பாக்கோணும்" என்றாள். வந்தாள். அவள் கண் முன்னாலேயே செய்தேன். ரத்தத்தில் வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்தெடுத்து, சோப்பு மாதிரி ஒரு கரைசலில் உடைத்து, உப்புச் சேர்த்து, குளிர்ந்த சாராயத்தை மேலே மெல்ல ஊற்றினேன். ட்யூபை ஆட்டியபோது வெள்ளையாக இழை இழையாகத் திரண்டு மிதந்தது. கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுத்துக் காட்டினேன்.

"பஞ்சாட்ட இருக்குதுங்க. இதுக்குள்ளயா எல்லாமே எழுதியிருக்குது?"

"எல்லாமேதான். மூக்கு, முடி, ரத்தம், சுருட்டை."

"அவரோட கோவம்? அது அவரோட ட்யூப்புல எங்கீங்க அத்தை இருக்குது?"

"அத ட்யூப்புல தேடாத. அது என் வளர்ப்பு."

சிரித்தாள். எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மீதியையும் சொன்னேன். அந்த இழையில் நாலே நாலு எழுத்துதான், மாறி மாறிக் கோடிக்கணக்கில் வருகிறது. நம் குடும்பத்துத் தவறு ஒரே ஓர் எழுத்து. ஒருவருக்கு இரண்டு ட்யூப் வைப்போம். ஒன்றில் சரியான எழுத்து இருந்தால் மட்டும் ஒட்டுகிற ப்ரைமர், இன்னொன்றில் தவறான எழுத்து இருந்தால் மட்டும் ஒட்டுகிறது. ஒட்டினால் பெருகும், ஒட்டாவிட்டால் பெருகாது. பெருகியதை எப்படிப் பார்ப்பது? கடற்பாசியிலிருந்து செய்த கூழைத் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் அதுதான் ஜெல். அதில் சீப்பு வைத்துக் குழி உண்டாக்கி, ட்யூபில் இருப்பதைக் குழிக்கு ஒன்றாக விட்டு, மின்சாரம் கொடுத்தால் டி.என்.ஏ. மெல்ல நகரும், சின்னத் துண்டு முந்தி ஓடும், பெரியது பின்தங்கும். ஒரு சாயம் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒளி வீசும் விளக்கில் வைத்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் கோடு தெரியும். சரியான எழுத்து ட்யூபில் மட்டும் கோடு வந்தால் கவலை இல்லை. இரண்டிலும் வந்தால் கேரியர். அந்தச் சோதனை ஒழுங்காகத்தான் நடந்ததா என்று தெரிய, கேரியர் என்று முன்பே தெரிந்த ஒருவரின் டி.என்.ஏ.வையும் கூடவே ஓட்டுவோம். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு என் ரத்தம்தான். அதோடு கடைசியில் வெறும் தண்ணீர் விட்ட இரண்டு ட்யூப். தண்ணீரில் எந்தக் கோடும் வரக் கூடாது.

இனிமேல்தான் கதை. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சொந்தக்காரர்களின் ரத்தத்தை நாமே பார்க்கக் கூடாது. கண் தனக்கு வேண்டியதையோ பயப்படுவதையோ பார்க்கும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இது. இரண்டாவதாகச் சொல்லிக்கொடுப்பது, முன்பே தெரிந்த கேரியர் ட்யூபைக் கடைசியில்தான் திறக்க வேண்டும் என்பது. அதில் டி.என்.ஏ. நிறைய இருக்கும், அளந்து உறிஞ்சி விடுகிற பிப்பெட்டின் நுனியிலோ கையுறையிலோ துளி ஒட்டினாலும் அடுத்தடுத்த ட்யூபுக்கெல்லாம் போய்விடும். துளிதான், ஆனால் பெருக்கிக் காட்டுவதுதானே அந்தப் பெட்டியின் வேலை? இத்தனையும் தெரிந்த உன் அம்மா என்ன செய்தாள்? நாகராஜ் லீவில் போன சனிக்கிழமையாகப் பார்த்து, அவனுக்குத் தெரியாமல், உங்கள் இரண்டு பேருடையதையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் திறந்தது தன்னுடையதையே. பிப்பெட் நுனியை ஒவ்வொரு தடவையும் மாற்றினேனா என்று இப்போது கேட்டாலும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. நான் ட்யூபைப் பார்க்கவில்லை கண்ணு, பொன்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கைப் போட்டேன். உன்னுடைய இரண்டு குழிக்குக் கீழேயும் கோடு. கவிதாவுடைய இரண்டிலும் கோடு. பளிச்சென்று ஆரஞ்சு நிறம். பழக்கதோஷத்தில் ஒரு படம் எடுத்தேன், அடுத்த குழிகளைப் பார்க்காமல் விளக்கை அணைத்துவிட்டேன். பூட்டிவிட்டு நேரே நடந்து பூத்துக்குப் போய் உன்னைக் கூப்பிட்டேன். என்ன பேசினேன் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே, "ரெண்டு பேருக்குமேவா?" என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலம் அவர் கடை திறக்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமையைக் கடத்தினோம். ஹாஸ்டலிலிருந்து வந்த கவிதாவை, தலைவலி என்று சொல்லி வாசலோடு அனுப்பிவைத்தேன். அவள் முகம் சுருங்கிப்போனதை இன்னும் மறக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் நாகராஜ் வந்தான். மேஜை மேல் நான் விட்டுவிட்டுப் போன படத்தைக் கையில் எடுத்து, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். அவன் கன்னடக்காரன், என்னை விட வயதில் சின்னவன், நான் பயிற்சி கொடுத்து வளர்ந்தவன். எதற்கும் சட்டென்று குரல் உயர்த்தமாட்டான். படத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "ஏனிது மேடம், நீரிகூ காயிலெனா?" என்றான். தண்ணீருக்கும் நோயா என்று கேட்கிறான். பார்த்தேன். கடைசி இரண்டு குழியிலும் கோடு. வெறும் தண்ணீர், கண்ணு, தண்ணீர் நம் குடும்பத்து நோயைச் சுமந்துகொண்டு பளிச்சென்று நிற்கிறது! படத்தில் இருந்த அத்தனை கோடும் நீயும் இல்லை, கவிதாவும் இல்லை, நான்தான். என் ஒரு துளி எல்லா ட்யூபிலும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது. நாகராஜ் என்ன செய்வது என்று தெரியாமல் டீ வாங்கப் போய்விட்டான்.

அந்தச் சோதனையை வைத்து உனக்கு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அது செல்லாது. அதை வைத்துக்கொண்டு நான் உன் கல்யாணத்தையே நிறுத்தச் சொன்னேன். அன்றே உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். இன்னொரு தடவை அவசரப்பட எனக்குத் தைரியம் வரவில்லை. மீதி ரத்தம் பெட்டியில் உறைந்து இருந்தது. நாகராஜ் புது ட்யூப், புது நுனி, புதுக் கரைசல் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினான். "மேடம், நீவு ஹொரகடெ கூத்கொள்ளி" என்று என்னை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். என் ஆய்வகத்தில், என் நாற்காலி உள்ளே இருக்க, நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் "ஏன் மேடம் இங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். காற்று வாங்குகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

முடிவு தயாரானதும் கவிதாவை வரச் சொன்னான். அவள் முடிவை அவளிடம்தான் சொல்வேன் என்றான். கவிதா என்னையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். இந்தத் தடவை தண்ணீர் சுத்தம். கவிதாவின் இரண்டு குழியிலும் கோடு இருந்தது. அவள் கேரியர். "எனக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று கேட்டாள். உனக்கு ஒன்றும் ஆகாது, உன் அப்பாவிடமிருந்து வந்திருக்கும், அவரும் நன்றாகத்தானே இருக்கிறார் என்றேன். தலையாட்டினாள். உன்னுடைய குழியைப் படத்தில் நாகராஜ் ஒரு காகிதத்தால் மறைத்து வைத்திருந்தான். நான் கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஒரே வார்த்தை நாகராஜ், இருக்கா இல்லையா?" அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீவு கேளபாரது மேடம். அவரே கேக்கட்டும், அவருக்குச் சொல்றேன்" என்றான். கேட்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். முகத்திலாவது ஏதாவது தெரிகிறதா என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன். கல்லுளிமங்கன், ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். நாகராஜை ஆய்வகத்து நம்பரில் கூப்பிட்டுக் கேள். உன்னிடம் இல்லை என்றால் விஷயம் அதோடு முடிந்தது. கவிதாவிடம் இருப்பது உங்கள் பிள்ளைகளில் சிலரிடம் ஓசையில்லாமல் போய்ச் சேரும், அவ்வளவுதான். உன்னிடமும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு பொன்னியைப் போல. மீதி மூன்று வாய்ப்பும் நல்லபடி. இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் காலத்தில் இல்லாதது. மூன்றாம் மாதத்துக்குள்ளேயே கர்ப்பத்தின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, இதே ட்யூபில் இதே கோட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடிகிறது. பெரிய ஊர்களில் செய்கிறார்கள், போகிற வழி எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தக் கர்ப்பத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது நீங்கள் இரண்டு பேரும் எடுக்க வேண்டிய முடிவு. நானோ, அண்ணனோ, அண்ணியோ அந்த அறைக்குள் வரக் கூடாது.

இதையெல்லாம் கவிதாவுக்குக் கேன்டீனில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காபியைத் தொடவே இல்லை. திடீரென்று நிமிர்ந்து, "அத்தை, தப்பா நெனைக்காதீங்க. இந்த டெஸ்ட்டு அப்பவே இருந்திருந்தா, பொன்னிய வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டாள். என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. உன் அப்பாகூடக் கேட்டதில்லை. நான் டம்ளரை நகர்த்தினேன், புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். "சொல்ல வேண்டாமுங்க அத்தை. கேக்கோணும்னு தோணுச்சு, கேட்டுப்போட்டேன்" என்று என் கையைத் தொட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அதே யோசனைதான். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், அப்பா அப்படியே சாப்பிட்டார். அந்தப் பதிலை உனக்குத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அவள் உன் அக்கா. இந்தக் கேள்வி நாளைக்கு உன் வீட்டுக்கும் வரலாம்.

சொல்லியிருப்பேன், கண்ணு. வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்தியபோது, கத்தக்கூடத் தெம்பில்லாமல் அவள் என்னைப் பார்த்த பார்வையை யாராவது முன்கூட்டியே எனக்குக் காட்டியிருந்தால், ஒரு குழந்தையை அதற்குள் கொண்டுவர எனக்கு மனசு வந்திருக்காது. அதற்காகத்தான் இத்தனை வருஷம் இந்த வேலையையே பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் பிறந்திருக்க வேண்டாம் என்று ஒரு நாள்கூட நான் நினைத்ததில்லை. அவளை வைத்திருந்த அந்தச் சில வருஷங்களை எடுத்துக்கொண்டு வேறு என்ன கொடுக்கிறேன் என்றாலும் நான் தரமாட்டேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று என்னைக் கேட்காதே. ட்யூபில் இப்படி முன்னுக்குப் பின் முரணாக வந்திருந்தால் தூக்கிக் கொட்டிவிட்டு மறுபடி செய் என்று சொல்லியிருப்பேன். இதை நான் எத்தனை தடவை செய்து பார்த்தாலும் இப்படியேதான் வருகிறது.

நாகராஜ் சொல்வதை முதலில் கவிதாவிடம் சொல். அவள்தான் உன்னோடு அதைச் சுமக்கப் போகிறவள். என்னிடம் எப்போது சொல்ல உனக்குத் தோன்றுகிறதோ அப்போது சொன்னால் போதும். சொல்லாமலே விட்டாலும் நான் தூண்டித் துருவமாட்டேன். என்னை நானே மாடிப்படியில் உட்கார வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். பிள்ளை வேண்டாம் என்று இருந்தாலும் சரி, பார்த்துப் பெற்றுக்கொண்டாலும் சரி, என்ன வந்தாலும் வரட்டும் என்று பார்க்காமலே பெற்றுக்கொண்டாலும் சரி, ஏன் இப்படிச் செய்தாய் என்று இந்த வாய் கேட்காது. ஒருவேளை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பிள்ளையே வந்து பிறந்தாலும், நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போங்கள். நான் தூக்கிக்கொண்டு போகிறேன். எங்கே எப்படிப் பிடித்துக்கொண்டால் அழுகை குறையும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா